எட்டு எலும்புக்கூடும் ஒரு கட்டளையும்

"அவன் பிணம் எனக்கு வேணும், அக்கா" என்றான் வக்கீல்.

வந்துச்சு பாருங்க எனக்குக் கோபம்! அந்தப் பிணம் என் தம்பியோடது.

பதறாதீங்க. தம்பி உயிரோட சமையலறையில டீ போட்டுக்கிட்டு இருக்கான். அவன் செத்தது ஆட்டத்துல.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா என் மருந்துக்கடை மாடியில நாலு பேர் கூடுவோம். பகடையை உருட்டி, கதை சொல்லியே ஆடுற ஆட்டம். தம்பி வாள்வீரன். டீச்சர் வில்லாளி. தம்பியோட சிநேகிதன் வக்கீல், செத்தவங்களை எழுப்பி வேலை வாங்குற மந்திரவாதி. கதையை நடத்துற நடுவர் நான். விதிப் புத்தகம் என் மடியிலதான் இருக்கும்.

ஒன்றரை வருஷமா ஆடின கதைக்கு அன்னைக்குத்தான் கடைசி நாள். கோட்டைக்குள்ள இருக்கிற ராட்சசனை வீழ்த்தணும். மறுநாள் காலையில தம்பி கப்பல் வேலைக்குக் கிளம்பறான். எலக்ட்ரீஷியன். திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகும். இந்தக் கடைசி ஆட்டத்தை விடக் கூடாதுன்னு பெட்டியை முந்தின நாளே கட்டி வச்சுட்டு ஓடி வந்தான்.

வந்தவன் முதல் உருட்டுலேயே ஒண்ணு போட்டான், எங்க ஆட்டத்துல அதைவிட மோசமான எண் கிடையாது. ராட்சசன் விட்டான் ஒரு அடி. வீரன் காலி.

எங்க நோட்டுல முதல் பக்கத்துலேயே நான் எழுதி வச்சிருக்கேன். செத்தவங்க அன்னைக்கு முழுக்கப் பகடையைத் தொடக் கூடாது. மத்தவங்களுக்கு டீ போட்டுக் குடுக்கணும்.

"இன்னும் ஒரே ஒரு தடவை உருட்டட்டுமே, பாவம்" என்று டீச்சர் கெஞ்சினாங்க.

"என் தம்பிங்கறதுக்காக வளைச்சா அது என்ன விதி? போன மாசம் நீங்க செத்தப்போ நான் விட்டேனா?"

தம்பி, "எல்லாருக்கும் சர்க்கரை ஒரு ஸ்பூன்தானே?"ன்னு சிரிச்சுக்கிட்டே எழுந்து போயிட்டான்.  நடுவர்னா நடுவர்தான், அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது.

அப்பத்தான் இந்த வக்கீல் பிணத்தைக் கேட்டான்.

"எரியிற வீட்டுல பிடுங்கினது லாபம்னு கிளம்பிட்டியா?" டீச்சர் பொரிஞ்சு தள்ளினாங்க. "நாளைக்குப் பயணம் போற பிள்ளை, மனசு நொந்து உள்ள நிக்கறான். அவனைப் போய் உனக்கு அடிமையாக்கணுமா?"

"இருபத்திரண்டாம் பக்கம், மூணாவது பத்தி." வக்கீல் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டான். "செத்து ஒரு மணி நேரம் ஆகாத உடலை மந்திரவாதி எழுப்பலாம். அக்கா, விதின்னா எல்லாருக்கும் விதிதானே?"

இவன் எப்பவும் இப்படித்தான். ஏற்கெனவே எட்டு எலும்புக்கூடு வச்சிருக்கான். என் கடை டானிக் பாட்டில் மூடி எட்டுதான் அந்தப் படை. ஒவ்வொரு மூடிக்கும் தனித்தனியா பகடை உருட்டுவான். இவன் முறை முடியறதுக்குள்ள டீச்சர் ஒரு கட்டு விடைத்தாளே திருத்திடுவாங்க. பத்து மாசம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. யார் கையாவது பட்டு ஒரு மூடி நகர்ந்தாக்கூட எகிறிக் குதிப்பான்.

சரி, ஆசைப்பட்டவனை ஆசையை வச்சே மடக்குவோம்னு நினைச்சேன்.

"அடுத்த பக்கத்தையும் படிச்சுடுங்க, வக்கீல் சார். வீரனை எழுப்பினா, கையில இருக்கிற மத்த ஏவலாட்கள் எல்லாம் பொடிப்பொடியாயிடும். எட்டும் போயிடும். சம்மதமா?"

எட்டு மூடியையும் உள்ளங்கையால வழிச்சு என் பக்கம் தள்ளினான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை.

"டேய், பத்து மாசப் படைடா!" டீச்சரே பதறிட்டாங்க.

"படிச்சுட்டுத்தான் டீச்சர் கேட்டேன். எழுப்பியாச்சா அக்கா?"

"எழுப்பியாச்சு" என்றேன் பல்லைக் கடிச்சுக்கிட்டு. "இப்ப அவன் உன் அடிமை. என்ன பண்ணப்போறே? ராட்சசன் முன்னாடி அவனை நிறுத்தி அடி வாங்க விட்டுட்டு, நீ பின்னாடி ஒளிஞ்சுக்கப்போறே, அதானே?"

"அதே பக்கத்துல கடைசி வரி. நீங்களே சத்தமா வாசிங்க."

வாசிச்சேன். "எழுப்பியவர் இடும் கட்டளையை எழுப்பப்பட்டவர் அப்படியே நிறைவேற்ற வேண்டும். அதை நடுவரும் தடுக்க இயலாது."

தம்பி டீத் தட்டோட வந்தான். கண்ணு ரெண்டும் சிவந்திருந்தது. டீக்கு யாரும் வெங்காயம் நறுக்க மாட்டாங்க.

வக்கீல் அவனை நேரா பார்த்தான்.

"டேய், நீ இப்ப என் அடிமை. கட்டளையைக் கேட்டுக்க. தட்டைக் கீழே வை. உன் நாற்காலியில உக்காரு. கடைசி வரைக்கும் உன் இஷ்டத்துக்குச் சண்டை போடு, உன் பகடையை நீயே உருட்டு. அவ்வளவுதான். இனிமே உனக்கு நான் வேற கட்டளையே போட மாட்டேன்."

தம்பி தட்டைப் பிடிச்சபடியே என்னைப் பார்த்தான். "அக்கா... நான் தொடலாமா?"

"நடுவரே தடுக்க முடியாதாம்டா, உக்காரு."

தட்டை அவன் கையிலிருந்து வாங்கினேன். அன்னைக்கு எல்லாருக்கும் டீ எடுத்துக் குடுத்தது நான்தான். முதல் கப்பு வக்கீலுக்கு.