ஒரே உயரம்

அங்கம்மாவின் நிலத்தில் இரண்டு பாத்திகள் அடுத்தடுத்துக் கிடந்தன. கரி போட்டால் மண் தேறுமா என்று சோதிக்க வந்த அதிகாரி, சீமைக்கருவேலங்கரியைத் தூளாக்கி ஒன்றுக்கு மட்டும் போடச் சொன்னார்.

"எனக்கு ஏன் இல்லை, அண்ணே?" என்றது வெறும் பாத்தி.

"நீ இளைத்துக் கிடந்தால்தானே தம்பி, நான் கொழுத்தது கண்ணுக்குத் தெரியும்? பொறுத்துக்கொள். நிரூபித்துவிட்டால் ஊருக்கே கரி தருவார்களாம்."

வெறும் பாத்தி பொறுத்துக்கொண்டது. அங்கம்மாவால்தான் முடியவில்லை. பாதி நிலம் பட்டினி கிடந்தால் அவள் பிள்ளைகளுக்கும் பாதி வயிறுதான். மீந்த கரியை அதற்கும் அள்ளிப் போட்டு விதைத்தாள்.

இரண்டு பாத்தியிலும் சோளம் ஆள் உயரம் நின்றது.

"அண்ணே, நிரூபித்துவிட்டோம்!" என்று கூவியது தம்பிப் பாத்தி.

அதிகாரி நாடா பிடித்து அளந்தார். இரண்டும் ஒரே உயரம். "கரியால் வித்தியாசம் இல்லை" என்று எழுதிக்கொண்டார். அங்கம்மா வாயெடுப்பதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார். அவர் கொண்டுவந்திருந்த கரி சுடும் பீப்பாயும் கூடவே போயிற்று.

"இனி ஊருக்குக் கரி வராதா, அண்ணே?"

"நீ ஒழுங்காகப் பட்டினி கிடந்திருந்தால் வந்திருக்கும்" என்றது அண்ணன் பாத்தி.