பாம்புக்கு இரண்டு வேளை தண்ணீர்

“பையை ஆட்டாதீங்க மேடம்! அப்படியே மேசையில வைங்க. முடிச்சை நான் அவிழ்க்கிறேன்.”

விற்பனைக்கு அடுக்கியிருந்த பாம்புப் பெட்டிகளை ராய்ஸ் முழங்கையால் ஒதுக்கித் தள்ளினான். பையாக முடிந்திருந்த தலையணை உறைக்குள்ளிருந்து வந்த நாற்றமே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. கையை விட்டு மெதுவாக வெளியே எடுத்தான். நாலடி நீளச் சோளப் பாம்பு. விஷமில்லாத சாது. வளர்ந்த பாம்புக்கு இருக்க வேண்டிய ஆரஞ்சு நிறம் செத்துப் போயிருந்தது.

திருப்பிப் பார்த்தான். அடிவயிறு முழுக்கக் கொப்புளம். செதில்களின் விளிம்பெல்லாம் பழுப்பேறி, இரண்டு மூன்று இடங்களில் புண்ணாகி நீர் கசிந்தது.

“அட கடவுளே! எத்தனை நாளா இப்படி?”

“என் கண்ணுல பட்டது நேத்துதான், தம்பி” என்றாள் ட்வைலா. அறுபது வயதுக்காரி. அடுப்பிலிருந்து தட்டு எடுக்கும் தடித்த கையுறைகளை இன்னும் கழற்றவில்லை. “பாம்பு என்னுதில்லப்பா. எனக்கு மண்புழுவே ஆகாது. பக்கத்து வீட்டுப் பெரியவரோடது. பொழைச்சிடுமா? அவருக்குப் பேச்சுத் துணை இது ஒண்ணுதான்.”

ராய்ஸ் பாம்பின் வாயைத் திறந்து பார்த்தான். உள்ளே சுத்தமாக இருந்தது. மூச்சும் சீராக இருந்தது.

“புண்ணோட கிருமி ரத்தத்துல ஏறலைன்னா பொழைக்கும். பெட்டியில அடியில என்ன போட்டிருந்தார்?”

“பாசி. பச்சைப் பசேல்னு அழகா இருக்கும். காலையில தண்ணி தெளிப்பார், சாயந்திரம் தெளிப்பார். ஒரு நாள் தவறினதில்லை.”

“தினமுமா?”

“புயல் வந்து எங்க தெருவையே காலி பண்ணச் சொன்னப்பக்கூட, தெளிச்சிட்டுத்தான் வண்டியில ஏறினார்.”

ராய்ஸ் தலையில் அடித்துக்கொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால் தொங்கிய பதாகையில், ‘தரை காய்ந்திருந்தால் தோல் பிழைக்கும்’ என்று ஆளுயர எழுத்தில் இருந்தது. ஒக்காலா நகரத்தின் இந்தப் பாம்புக் கண்காட்சியில் மாதம் தவறாமல் அவன் பேசுவதே அதைப் பற்றித்தான். அதைச் சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவன்.

“மேடம், ஈர டயப்பர்லயே குழந்தையைப் போட்டு வெச்சா என்ன ஆகும்? அதேதான் இது. அடியில காய்ஞ்ச காகிதம் போதும். ஒரு பக்கம் கதகதப்பு, ஒரு பக்கம் குளிர்ச்சி, காத்தோட்டம். குடிக்க ஒரு கிண்ணம் தண்ணி. தோல் உரியற வாரத்துல மட்டும் கொஞ்சம் ஈரம். உரிஞ்சதும் நிறுத்திடணும். வாரத்துக்கு ஒரு தடவை வயித்தைத் திருப்பிப் பார்த்திருந்தாலே, சிவக்கும்போதே தெரிஞ்சிருக்கும்!”

“அவருக்குக் கண்ணுல புரை. எங்கேர்ந்து பார்ப்பார்?”

“யாரையாவது கேட்டிருக்கலாமே? எனக்கே தினம் ஐம்பது பேர் போன் பண்றாங்க.”

“பண்ணினாரே! நாலஞ்சு தடவை பண்ணினார். ‘வேலையா இருக்கேன், அப்புறம் நானே கூப்பிடறேன்’னு வெச்சுட்டாங்களாம்.”

ராய்ஸ் அதைக் காதில் வாங்கவில்லை. சுத்தமான பெட்டி ஒன்றில் காகிதத்தை விரித்துப் பாம்பைக் கிடத்தினான். அது நாக்கை நீட்டி அவன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தது.

“கெய்ன்ஸ்வில்ல பாம்பு பார்க்கிற டாக்டர் இருக்கார். முகவரி தரேன், இப்பவே கிளம்புங்க. கொப்புளத்தை யாரும் குத்த வேண்டாம். சரி, நாளுக்கு ரெண்டு வேளை தெளிக்கணும்னு அந்தப் பெரியவருக்கு யார் சொன்னது?”

“ஒருத்தர் எழுதியே கொடுத்திருக்கார்.”

“எழுதிக் கொடுத்தானா? எந்த முட்டாள் அவன்? இந்தச் சாதிப் பாம்புக்குத் தினமும் தண்ணி தெளிக்கச் சொன்னவன் ஒரு தொட்டிச் செடி வளர்க்கக்கூட லாயக்கில்லாதவன்!”

ட்வைலா அவனையே பார்த்தாள்.

“அவ்வளவு கோபப்படாதீங்க, தம்பி. ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வரோம்.”

“வரோமா? பெரியவரும் வந்திருக்காரா?”

“வண்டியில உட்கார்ந்திருக்கார். இறங்கச் சொன்னா மாட்டேங்கறார். ‘பாம்பைப் பாழாக்கிட்டேன், திட்டுவான்’னு ஒரே பயம். மடியில ஒரு பொட்டலம் வேக வெச்ச வேர்க்கடலை வேற. ‘இதைக் குடுத்தா கோபம் தணியுமா ட்வைலா’ன்னு வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தார்.”

“திட்டாம பின்ன? யார் பேச்சைக் கேட்டு இப்படிப் பண்ணினீங்கன்னு நேராவே கேட்கறேன். கூப்பிடுங்க அவரை.”

ட்வைலா கையுறைகளைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்ததைப் பிய்த்தெடுத்த காகிதம். தினமும் தண்ணீர் பட்டு மை கலங்கியிருந்தது. எழுத்து மங்க மங்க யாரோ நடுங்கும் கையால் அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்கள்.

ராய்ஸ் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான்.

‘அப்பா, குட்டிக்குத் தோல் சரியா உரியலை. காலையும் சாயந்திரமும் தண்ணி தெளிங்க. நான் போன் பண்ணி நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.’

கீழே, ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. அதற்கும் கீழே, அந்த நடுங்கும் கை தொடாமல் விட்டிருந்த ஒரே இடத்தில், ராய்ஸின் கையெழுத்து.