எல்லையோர ஊரில் மிக்சி வழங்குகிறார்கள்

சமுதாயக் கூடத்தின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே மதிய வெயில் வட்ட வட்டமாகத் தரையில் விழுகிறது. தேர்தல் தேதி அறிவிக்குமுன் கொடுத்து முடிக்க வேண்டிய இலவச மிக்சிகள் சுவர் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன. சாந்தாமணி தன் முறை வந்ததும் ஐஸ் போட்ட பிளாஸ்க்கை மேசைமேல் வைக்கிறாள். "ஏனுங்க, எனக்கு மிக்சி வேண்டாமுங்க. புள்ளைக்கு இன்சுலின் காலையிலயே தீந்துபோச்சுங்க." கிளார்க் நிமிராமலே சொல்கிறார்: "மருந்துக்குப் பணமே வரலீங்கம்மா, எல்லாம் இதுக்கே போயிருச்சு. ஓடைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல கேட்டுப் பாருங்க." இந்த ஊர் எந்த மாநிலம் என்பது இன்னும் தீராததால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு கதவு எண்கள். எவராவது உதவட்டும் என்று சாந்தாமணி இரண்டு மாநிலக் கணக்கெடுப்பிலும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். "கேட்டனுங்க. தமிழ்நாட்டுலயும் கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு பேரை அடிச்சுப்போட்டாங்க." "அம்மணிக்கு முதலமைச்சர் ரெண்டு, ஊசிதான் ஒண்ணுகூட இல்லீங்க!" என்று வரிசையில் ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்து அடங்குகிறது. அதற்குள் போட்டோவுக்காக அவள் கையில் பெட்டியைத் திணித்துவிடுகிறார்கள். கேமரா மின்னுகிறது. அவள் அப்படியே வெளியே நடந்து, பழைய சாமான் வாங்கும் கரீமின் வேன் முன்னால் நிற்கிறாள். "அண்ணா, இதைய எடுத்துக்கிட்டு மருந்துக்கு ஆகறதக் குடுங்க." கரீம் வேனின் பின்கதவைத் திறந்து காட்டுகிறார். உள்ளே கூரைவரை அதே பெட்டிகள். "கோயமுத்தூரு உக்கடம் சந்தையில சும்மா குடுத்தாக்கூட இனி வாங்க ஆளில்லீங்க, அக்கா."