ஐந்தாம் அறை வாசலில் இருமல்

"லொக்... லொக்... லொக்..."

பிரசவ வார்டின் ஐந்தாம் அறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மாமியார் இருமிக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலையிலிருந்து இதே கச்சேரிதான்.

உள்ளே குழந்தையை அணைத்தபடி படுத்திருந்த மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பச்சைக் குழந்தை இருக்கிற இடத்துல இப்படியா இருமறது? வீட்டுக்குப் போகச் சொல்லுங்க சிஸ்டர்."

நர்ஸ் சிரித்தாள். "வெளியிலதானேம்மா இருமறாங்க. இருமினா இருமட்டும், விடு. குழந்தை பக்கத்துலயே இருக்கட்டும். வாயைத் திறந்து தேடினா உடனே குடு. அழற வரைக்கும் காத்திருக்காதே."

முதல் நாள் அதற்கு ஏது வழி? அறை கல்யாண வீடாக இருந்தது. பதினோரு பேர். குழந்தை மடிக்கு மடி தாவி, வீறிட்டுக் கத்திய பிறகுதான் இவள் கைக்கு வந்தது. அத்தனை பேர் முன்னால் இவளுக்குக் கூச்சம். கத்திக் களைத்த குழந்தைக்கோ மார்பைப் பற்றவே தெரியவில்லை.

"இவளுக்குப் பாலே ஊறலை" என்று மாமியாரின் அக்கா சபையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு, "எனக்கு இதுகூட வரலையே அத்தை" என்று இவள் தேம்பினாள். மாமியார் எழுந்து நர்ஸைத் தேடிப் போனாள். மறுநாள் இருமலோடு வாசலில் உட்கார்ந்தவள்தான், பேத்தியைத் தூக்கக்கூட உள்ளே வரவில்லை.

வெளியே அக்காவின் குரல் கேட்டது.

"தள்ளுடி. பால் பவுடரும் பாட்டிலும் கொண்டாந்திருக்கேன். புள்ளை பட்டினி கிடக்குது."

"லொக்... கிட்ட வராதேக்கா! என்ன கிருமியோ, லொக்... உன் பேரனுக்கு ஒட்டிக்கிட்டா?"

"இந்த லட்சணத்துல இங்க உட்கார்ந்திருக்கியே, உனக்கு அறிவிருக்கா?"

"இருந்தா ஏன்க்கா உட்காரப்போறேன்? லொக்..."

மூக்கைப் பொத்திக்கொண்டு அக்கா நடையைக் கட்டினாள். பாட்டிலும் கூடவே போனது.

அறை அமைதியானது. குழந்தை தலையைத் திருப்பிக் குட்டி வாயைத் திறந்தது. கூச்சப்பட அங்கே யாரும் இல்லை. இவள் மார்போடு சேர்த்துக்கொண்டாள். நழுவியது. மறுபடி பற்றியது. இழுத்தது. பிறகு 'களுக்... களுக்...'

"அத்தை! குடிக்கிறா! முழுங்கற சத்தம் கேக்குது!"

இவள் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ! மாமியார் ஓடி வந்தாள்.

"ஐயோ, இருமலோட கிட்ட வராதீங்க!"

"எனக்கு ஏதும்மா இருமல்?"

மருமகள் திகைத்து நர்ஸைப் பார்த்தாள்.

"இன்னும் சத்தமா இருமுங்கன்னு சொல்லிக் குடுத்ததே நான்தான்" என்றாள் நர்ஸ்.

பேத்தியின் கடைவாயில் வழிந்த பாலை மாமியார் விரல் நுனியால் துடைத்தாள்.

"உன் புருஷனுக்கு நான் பால் குடுத்தது ரெண்டே நாள்தான். மூணாம் நாள் இதே அக்கா பாட்டிலோட வந்தா. அன்னைக்கு என் வாசல்ல உட்கார்ந்து இரும ஒரு ஆளில்லை."

வராந்தாவில் கூட்டமாகச் செருப்புச் சத்தம் கேட்டது. மாமியார் நாற்காலிக்கு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள், கட்டிலிலிருந்து கணீரென்று வந்தது:

"லொக்... லொக்... லொக்!"