இண்டியானாவுக்குப் போன வரி

தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதான் அந்த ஆள். முப்பத்தைந்து வயது இருக்கும். தாடியெல்லாம் ஈரம்.

"தப்பு உங்க பக்கம்தான் மேடம். நாங்க இருக்கறது ஒஹாயோல. எங்க வரியை எதுக்கு இண்டியானாவுக்குப் பிடிக்கிறீங்க?"

வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் நீட்டிய செல்போனைப் பார்த்தாள். நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் நிறுவனம் அது, ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டியில். அங்கே எல்லோருக்கும் சம்பளம் போடுவது அவள் வேலை. போனில் இருந்தது டார்லா பிக்கெட்டின் சம்பளச் சீட்டு. ஒஹாயோ வரி என்ற இடம் காலி. இண்டியானா வரிதான் பிடித்திருந்தது.

"நீங்க?"

"அவ புருஷன், ராய்ஸ். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மெயில். அதுலதான் இது வந்துச்சு."

"பாருங்க தம்பி, வேலை இங்க பார்த்தாலும் வரி குடியிருக்கிற மாநிலத்துக்குத்தான் போகும். ரெண்டு மாநிலத்துக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம். உங்க மனைவி இண்டியானா அட்ரஸ் குடுத்திருப்பாங்க."

"அவ எதுக்குக் குடுக்கறா? வேற யாரோட அட்ரஸோ கலந்துபோச்சு." அவன் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். "ஏப்ரல்ல வரிக் கணக்குக் காட்டும்போது ஒஹாயோக்காரன் மொத்த வரியையும் கட்டுன்னா நான் எங்க போவேன்? ஏற்கனவே கேஸ் கனெக்‌ஷனை நிறுத்திட்டாங்க, ஹீட்டர் ஓடலை. பிள்ளைங்க கோட்டைப் போட்டுக்கிட்டே தூங்குதுங்க மேடம்!"

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"டார்லாவையே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்களேன்."

"எங்க மேடம்... நான் கூப்பிட்டா அவ எடுக்கறதே இல்ல. எப்பவும் வேலை, வேலை. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். என்ன அட்ரஸ் ஏறியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. தப்புன்னா இப்பவே மாத்திக் குடுத்துடறேன்."

ஒருவர் விவரத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. அது வெர்னாவுக்குத் தெரியும். ஆனாலும் புருஷன்தானே, அதுவும் இப்படி வாய்விட்டு அழுகிற புருஷன். திரையைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் படித்தாள்.

"இண்டியானா, லாரன்ஸ்பர்க். வால்நட் தெரு. சலவைக் கடைக்கு மேல் மாடி."

அழுகை நின்றது. ராய்ஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றி மேடம். பெரிய உதவி."

"இருங்க தம்பி, அட்ரஸ் மாத்தணும்னா டார்லா கையெழுத்து..."

அதற்குள் கதவு தானாக மூடிக்கொண்டது. வாசலில் வண்டி உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

பாவம், பதற்றத்தில் காதில் வாங்காமலே போய்விட்டான் என்று நினைத்தாள் வெர்னா. டார்லாவும் இதே கவலையில்தான் இருப்பாள், நாமே கூப்பிட்டு ஆறுதல் சொல்வோம் என்று எண்களை அழுத்தினாள். பனியால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாததால் டார்லா அன்று விடுப்பில் இருந்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"டார்லா, வரியைப் பத்திக் கவலைப்படாதம்மா. உன் வீட்டுக்காரர் நேர்லயே வந்துட்டார். லாரன்ஸ்பர்க் அட்ரஸைப் படிச்சுக் காட்டிட்டேன். நீ ஒரு கையெழுத்துப் போட்டா..."

மறுமுனையில் போன் எதன்மீதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது. பிறகு, தூரத்தில், டார்லாவின் அலறல்.

"பிள்ளைங்களா, ஷூவை மாட்டுங்க! உங்கப்பனுக்கு நம்ம இடம் தெரிஞ்சுபோச்சு!"