ஒன்பது மணி ரயில்

“முப்பத்தாறு வருஷம் ரயில்ல கார்டா இருந்தவர் பஸ்ல போறீங்களே, வெக்கமா இல்ல?”

கேட்டது பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த பெண். இருபது வயது இருக்கும். மடியில் சுருட்டிய வரைபடம் ஒன்று, தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. மலாக்கி பெர்ன் ஏறும்போது டிரைவரிடம் தன் பழைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறாள்.

“டோனகால் மாவட்டத்துல ரயிலே கிடையாது. வேற எதுல போறதாம்? கழுதையிலயா?” என்றார் அவர்.

“அதைத்தான் நானும் கேக்கறேன்.” அவள் கை நீட்டினாள். “டெர்வ்லா.” அவரும் தன் பெயரைச் சொல்லிக் கை குலுக்கினார்.

மகள் வீட்டில் ஒரு வாரம் பேரன்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஸ்லைகோவில் ரயில் பிடித்துத் தன் ஊரான பாயிலுக்குத் திரும்புகிறார் அவர். வழியெல்லாம் தூங்கலாம் என்றிருந்தார். அந்த எண்ணத்தில் மண் விழுந்தது.

அவளும் ஸ்லைகோ போய், அங்கிருந்து அதே ரயிலில் டப்ளினுக்குப் போகிறாளாம். ரயில் பாதைகளை விரிவாக்குவது பற்றி ஒரு குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது. மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். டப்ளினுக்கு நேர் பஸ்ஸே இருக்கிறதே என்று மலாக்கி கேட்டார்.

“ரயில் வேணும்னு கேக்கப் போறவ பஸ்ல போய் இறங்கினா நல்லாவா இருக்கும்?” என்றாள்.

பார்ன்ஸ்மோர் கணவாயில் பஸ் நுழைந்ததும், அவர் மேலேயே சாய்ந்துகொண்டு ஜன்னல் வழியாக மலைச்சரிவைக் காட்டினாள். பழைய பாதையின் தடம் புல்லுக்கு நடுவே கோடு கிழித்தாற்போல் கிடந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்றடி அகலமே இருந்த அந்தப் பாதை இனி உதவாது, அகலப் பாதைதான் வேண்டும் என்றாள். டெர்ரியிலிருந்து லெட்டர்கென்னி, டோனகால் வழியாக ஸ்லைகோ. அதற்குத் தெற்கே புதர் மண்டிக் கிடக்கும் தண்டவாளத்தைச் சீர் செய்து கால்வே வரைக்கும். மணிக்கொரு ரயில். டீசல் வேண்டாம், பேட்டரியில் ஓடட்டும். நிலையத்தில் நிற்கிற நேரத்தில் சார்ஜ் ஏறிக்கொள்ளும். ரயில் வருகிற நேரத்துக்கு ஊர் பஸ்கள் வாசலில் வந்து நிற்க வேண்டும். எங்கே வளைவு, எங்கே ஏற்றம், எந்தப் பழைய பாலம் இன்னும் தாங்கும் என்று வரைபடத்தில் அவள் விரல் ஓடிக்கொண்டே இருந்தது.

“எல்லாம் சரிம்மா. ஏற ஆளு வேணுமே. நாலு ஆடும் ஒரு பாதிரியாரும் ஏறினா ரயில் ஓடிடுமா?”

“ஆளு இல்லாம ரயில் போகல. ரயில் போனதால ஆளு போயிட்டாங்க. என்கூடப் படிச்ச பதினெட்டு பேர்ல இன்னிக்கு ஊர்ல இருக்கறது நாலு பேர்.”

பிறகு குரலைத் தாழ்த்தித் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். போன வருடம் அவருக்குக் கால்வே ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு சிகிச்சை. வாராவாரம் நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பையில் வாந்தி எடுத்துக்கொண்டேதான் போனாராம். இப்போது தேறி ஆடு மேய்க்கிறார். ஆனால் அடுத்த வீட்டில் ஒருவருக்கு இப்போது அதே நோய்.

மலாக்கி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

ஸ்லைகோவிலிருந்து டப்ளின் பக்கம் போகும் ஒற்றைப் பாதையில், எதிர் ரயிலுக்காகத் தான் காத்துக் கிடந்த இடங்களையெல்லாம் அவள் வரைபடத்தில் குறித்தார். இரண்டு இடங்களில் அவள் அவரையே திருத்தினாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. எந்தச் சிக்னல் எங்கே, எந்தப் பிளாட்பாரம் எத்தனை பெட்டி நீளம், எல்லாம் அவள் விரல்நுனியில் இருந்தது. தன்னோடு வேலை பார்த்தவர்களுக்கே இவ்வளவு தெரியாது என்று நினைத்துக்கொண்டார். புன்டோரன் வருவதற்குள், இரண்டாவது பாதையை எங்கிருந்து போடத் தொடங்குவது என்று அவரே சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார். முன் இருக்கைக்காரி இரண்டு முறை திரும்பி முறைத்தாள். இருவரும் கண்டுகொள்ளவில்லை.

கிளிஃபொனி தாண்டியதும் ஒரு டிராக்டருக்குப் பின்னால் பஸ் ஊர ஆரம்பித்தது. டெர்வ்லா பேச்சை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது மணி ரயிலை விட்டால் அடுத்தது பதினொன்றுக்கு. டப்ளின் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவளுடைய ஐந்து நிமிடம் போனது போனதுதான்.

“இந்த டிராக்டரையும் உன் பேச்சுல சேத்துக்க. இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது” என்றார் மலாக்கி.

அவள் சிரித்துவிட்டாள். சேர்த்தும் எழுதிக்கொண்டாள்.

ஸ்லைகோவில் இறங்கும்போது எட்டு ஐம்பத்தேழு. மலாக்கி வரைபடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார். மூட்டுவலி வந்த பிறகு பத்து வருடமாக ஓடாதவர், ஓடினார். அவருக்கு முன்னால் அவள். ரயில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. பிளாட்பாரக் கோடியில் ஊழியர் கையைக் கையை ஆட்டிச் சீக்கிரம் என்றார்.

பெட்டிக்கு அருகே போன டெர்வ்லா, ஏறாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏறும்மா, என்ன பயம்? பஸ்ல பேசின மாதிரி அங்கயும் பேசு, போதும்” என்றார் மலாக்கி, மூச்சு வாங்கியபடி.

“பேச்சுக்குப் பயமில்ல, மலாக்கி.” மூடிய கதவின் மேல் அவள் கை இங்கும் அங்கும் தடவிக்கொண்டிருந்தது. “இதை எப்படித் திறக்கறது? நான் ரயில்ல ஏறுறது இதான் முதல் தடவை.”