ஓப்பன் ஏர் தியேட்டர் யாருக்கு?

யூனிவர்சிட்டி ஹாலையெல்லாம் விசேஷத்துக்கு வாடகைக்கு விடுற கவுன்ட்டர்ல நர்மதா உக்காந்திருந்தா. இப்பல்லாம் காசு மட்டும் இருந்தா இடம் கெடைச்சிடாது. கண்ணாடித் தட்டுல உள்ளங்கைய வைக்கணும். அந்த எடத்து மேல எவ்வளவு ஆசைன்னு மெஷின் நூத்துக்கு மார்க் போடும். யாருக்கு ஆசை ஜாஸ்தியோ அவங்களுக்குத்தான் புக்கிங்.

அன்னிக்கு வந்து நின்னது இளம்பரிதி. இதே கேம்பஸ்ல படிச்சப்ப மூணு வருஷம் இவகூடயே சுத்தினவன். பக்கத்துல அவன் கட்டிக்கப் போற பொண்ணு ரோஷினி.

"ஞாயித்துக்கெழம ஓப்பன் ஏர் தியேட்டர் வேணும்க்கா, ரிசப்ஷனுக்கு. இவருக்கு அந்த எடம்னா உசுரு"ன்னா ரோஷினி.

அந்த தியேட்டர் படிக்கட்டுலதான் அவன் நர்மதாகிட்ட காதலச் சொன்னான். நர்மதா மூஞ்சில ஒரு சிரிப்ப ஒட்ட வச்சுக்கிட்டா.

ரெண்டு பேரும் கை வச்சாங்க. எண்பத்தொண்ணு. நல்ல மார்க்குதான். அடுத்த ஆளுக்காக தட்டத் தொடைக்கறது நர்மதாவுக்குப் பழக்கம். மெஷின ஆஃப் பண்ண மறந்து, உள்ளங்கை பட தொடைச்சுட்டா.

செவுத்துல இருந்த ஸ்கிரீன் மாறுச்சு. 'ஞாயிறு மாலை முன்பதிவு: நர்மதா. ஆசை: 98.'

"உங்களுக்கும் அன்னிக்கு விசேஷமாக்கா?" ரோஷினி பாவமா கேட்டா. இளம்பரிதி தரையப் பாத்தான்.

"மெஷின் மக்கர் பண்ணுதும்மா. இரு, கேன்சல் பண்ணிடறேன்."

கேன்சலுக்கும் கை வைக்கணும். மூச்சப் பிடிச்சுக்கிட்டு வச்சா.

'ரத்து ஆகவில்லை. விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனமில்லை.'

ரோஷினி அத ரெண்டு தடவ படிச்சா. நர்மதாவப் பாத்தா. அப்புறம் மெதுவா இளம்பரிதி பக்கம் திரும்பினா.

"அந்த எடம் ஏன் உங்களுக்கு உசுரு?"

தட்டுல வச்ச கைய எடுக்காம, நர்மதாவும் அவன் பதிலுக்காகக் காத்துட்டிருந்தா.